முன் அனுமதி: அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு செய்ததும், அதை உச்ச நீதிமன்றம் முடக்கியதும்

ஓர் அரசு சட்டம் இயற்றுகிறது. அது நடைமுறைக்கு வருகிறது. அதனால் உரிமை இழந்தவர் நீதிமன்றத்துக்குப் போகிறார். சில ஆண்டுகள் கழித்து அது செல்லும் அல்லது செல்லாது என்று தீர்ப்பு வருகிறது. பெரும்பாலான நாடுகளில் இதுவே வழக்கமான வரிசை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்கா, தேர்தல் விதிகளைப் பொறுத்தவரை, நாட்டின் ஒரு பகுதிக்கு இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டது. இனப் பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தேர்தல் தொடர்பாக எந்த மாற்றத்தைச் செய்ய நினைத்தாலும், அது எவருடைய வாக்குரிமையையும் நிறத்தின் பெயரால் குறைக்காது என்பதைக் கூட்டாட்சி அரசிடம் முதலில் நிரூபிக்க வேண்டும், ஒப்புதல் கிடைத்த பிறகே அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சட்டம் சொன்னது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் முன் அனுமதி என்று பெயர். வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாட்டை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செயலிழக்கச் செய்தது. அந்தத் தீர்ப்பு பெரும் பிழை என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தைப் புரிந்துகொள்ள, இப்படி ஓர் அசாதாரணமான ஏற்பாடு முதலில் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் வாக்காளர் பட்டியல் தயாரித்துத் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் கிடையாது. யார் எப்படிப் பதிவு செய்வது, எங்கே வாக்களிப்பது, தொகுதி எல்லைகளை எப்படி வரைவது என்பவற்றைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. அன்றாட நிர்வாகத்தைக் கவுன்டி எனப்படும் மாவட்ட அமைப்புகளும் நகரங்களும் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு மாநிலமோ ஒரு சிற்றூரோ தன் மக்களில் ஒரு பகுதியினரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த விரும்பினால், அதற்கான கருவிகள் எல்லாம் அதன் கையிலேயே இருக்கின்றன.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870இல் அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம் நிறைவேறியது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகிய காரணங்களால் எவருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது என்று அதன் முதல் பகுதி கூறியது. தகுந்த சட்டங்கள் வழியாக இதைச் செயல்படுத்தும் அதிகாரத்தை அதன் இரண்டாம் பகுதி காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்தது. இந்த இரண்டாம் பகுதி பின்னால் வரும் வாதத்துக்கு மிக முக்கியமானது.

உரிமை எழுத்தில் வந்துவிட்டது. அதை எப்படி வெறுமையாக்குவது என்பதில் தென் மாநிலங்கள் காட்டிய விடாமுயற்சிக்கு ஓக்லஹோமாவின் கதை ஒன்றே போதும். அம்மாநிலம் வாக்காளர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தது. ஆனால் 1866 ஜனவரி 1 அன்று வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்தத் தேர்வு இல்லை என்று விலக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை என்பதால், எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர் வாக்களிக்கலாம், கறுப்பினத்தவர் மட்டும் தேர்வெழுத வேண்டும் என்று ஆயிற்று. நிறம் என்ற சொல் சட்டத்தில் எங்குமே இல்லை. 1915இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. மறு ஆண்டே ஓக்லஹோமா வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 1914இல் வாக்களித்தவர்கள் தாமாகவே வாக்காளர்களாகக் கருதப்படுவார்கள். மற்றவர்கள் 1916 ஏப்ரல் 30 முதல் மே 11 வரையிலான 12 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் வாழ்நாள் முழுவதும் வாக்குரிமை இல்லை. 1914இல் வாக்களித்தவர்கள் யார் என்றால், செல்லாது என்று பின்னர் அறிவிக்கப்பட்ட அதே பழைய சட்டத்தால் பயனடைந்தவர்கள். இந்த இரண்டாவது சட்டமும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1939இல். இடையில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை தேர்தல்களிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதையும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

வாக்குரிமை வழக்குகள் மற்ற வழக்குகளிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். நிலம் பறிபோனால் நீதிமன்றம் மீட்டுத் தரலாம்; சம்பளம் மறுக்கப்பட்டால் வட்டியோடு வாங்கித் தரலாம். நடந்து முடிந்த தேர்தலை மறுபடி நடத்தச் சொல்வது மிக அரிது. அநியாயமான விதியின்கீழ் வென்றவர் பதவியில் அமர்கிறார், சட்டம் இயற்றுகிறார், அடுத்த தேர்தலுக்கான எல்லைகளையும் அவரே வரைகிறார். தாமதமே இங்கே தோல்வி. வழக்கில் இறுதியில் யார் வென்றாலும், காலம் எப்போதும் விதியை எழுதியவரின் பக்கமே நிற்கிறது.

1957, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் வந்த குடிமை உரிமைச் சட்டங்கள், கூட்டாட்சி அரசின் நீதித்துறை (நீதிமன்றங்கள் அல்ல, அரசின் ஒரு நிர்வாகத் துறை) தானே வழக்குத் தொடரலாம் என்று வழிசெய்தன. அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரே ஒரு வழக்குக்கான பதிவேடுகளைத் துருவிப் பார்ப்பதற்கு மட்டும் சில நேரங்களில் 6,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டதாக உச்ச நீதிமன்றமே பின்னர் குறிப்பிட்டது. அலபாமா மாநிலத்தின் டல்லாஸ் கவுன்டியில், அதாவது செல்மா நகரம் இருக்கும் கவுன்டியில், வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர் இருந்தனர். 1961இல் அங்கே நீதித்துறை வழக்குத் தொடர்ந்து, நான்காண்டு போராடி, தீர்ப்புகளையும் வென்றது. அந்த நான்கு ஆண்டுகளில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்களின் எண்ணிக்கை 156இலிருந்து 383ஆக உயர்ந்தது. அவ்வளவுதான்.

1965 மார்ச் 7 அன்று அதே செல்மாவில், எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்து வந்தவர்களை மாநிலக் காவலர்கள் தடிகளாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். முன்வரிசையில் நடந்து, மண்டையில் அடிபட்டவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பின்னாளில் ஜார்ஜியாவிலிருந்து பல்லாண்டுகள் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்தவர். தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளை நாடே பார்த்தது. எட்டு நாள் கழித்துக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் காங்கிரசின் இரு அவைகள் முன்னும் பேசி, புதிய சட்டம் வேண்டும் என்று கேட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவும் ஐந்தாம் பிரிவும் சேர்ந்து இயங்கும்படி அமைக்கப்பட்டவை. முன் அனுமதி யாருக்குக் கட்டாயம் என்பதை நான்காம் பிரிவு ஒரு கணக்கால் தீர்மானித்தது: 1964 நவம்பர் 1 அன்று எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகளை வைத்திருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிப் பேர்கூட பதிவு செய்யாத அல்லது அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்காத பகுதிகள் எல்லாம் அதன்கீழ் வந்தன. அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள் முழுமையாகவும், வட கரோலினாவின் பல கவுன்டிகளும் சிக்கின. டெக்சஸ் போன்றவை 1975இல், ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது சேர்ந்தன.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஐந்தாம் பிரிவு சொன்னது. இந்தப் பகுதிகளில் தேர்தல் தொடர்பான எந்த மாற்றமும், வாக்குச்சாவடியை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றுவது உட்பட, வாஷிங்டனில் உள்ள, நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்கோ, அங்குள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கோ அனுப்பப்பட வேண்டும். அட்டர்னி ஜெனரல் 60 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் மாற்றம் நடைமுறைக்கு வரலாம். மாற்றத்தால் சிறுபான்மை வாக்காளர்களின் நிலை இருப்பதைவிட மோசமாகக் கூடாது என்பதே அளவுகோல். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிரூபிக்கும் பொறுப்பு மாற்றம் செய்ய விரும்பும் அரசின் தோளில் ஏறியது. முன்பு, பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர் வழக்கறிஞரைத் தேடி, சாட்சிகளைத் திரட்டி, உயிருக்கு அஞ்சியபடி, பாகுபாடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது பாகுபாடு இல்லை என்று அரசு நிரூபிக்க வேண்டும். அதுவரை பழைய விதியே தொடரும்.

தென் கரோலினா உடனே எதிர்த்து வழக்குப் போட்டது. செல்மா தாக்குதல் நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 1966 மார்ச் 7 அன்று, உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. காலத்தினாலும் தாமதத்தினாலும் கிடைக்கும் சாதகத்தைத் தீமை செய்தவர்களிடமிருந்து எடுத்து, அதற்கு ஆளானவர்களிடம் கொடுக்கக் காங்கிரஸ் முடிவு செய்ததில் தவறில்லை என்ற பொருளில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். முன் அனுமதியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

பலன் விரைவாகவே தெரிந்தது. மிசிசிப்பியில் 1965இல் பதிவுபெற்றிருந்த கறுப்பினத்தவர் 6.7 விழுக்காடு, 2004இல் 76.1 விழுக்காடு. முதல் சில ஆண்டுகளில் ஏற்பட்ட உயர்வுக்கு எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்திவைத்ததும், கூட்டாட்சி அதிகாரிகளை நேரடியாக அனுப்பியதும் பெரும் காரணம். அப்படிக் கிடைத்த வாக்கு பயனற்றுப் போகாமல் காத்தது முன் அனுமதி. ஏனெனில் வாக்களிப்பதைத் தடுக்க முடியாமல் போனதும், வாக்கின் வலிமையைக் கரைக்கும் வழிகள் தொடங்கின. வார்டு வாரியாக நடந்துவந்த தேர்தலை ஊர் முழுவதற்குமான ஒரே தேர்தலாக மாற்றினால், தம் வார்டில் பெரும்பான்மையாக உள்ள சிறுபான்மையினர் ஓர் உறுப்பினரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. வெள்ளையர் வாழும் புறநகரை ஊரோடு இணைத்தால் மக்கள்தொகைக் கணக்கே மாறிவிடும்.

மிசிசிப்பியில் கில்மைக்கேல் என்றொரு சிற்றூர் உண்டு. 2001இல் அந்த ஊரின் உள்ளாட்சித் தேர்தலில், முன்பு எப்போதும் இல்லாத எண்ணிக்கையில் கறுப்பின வேட்பாளர்கள் நிற்கப்போவதாக அறிவித்தார்கள். மேயரும், ஐந்து பேரும் வெள்ளையராகவே இருந்த ஊர் மன்றமும் சேர்ந்து தேர்தலையே ரத்து செய்தனர். இது 1901இல் நடந்ததன்று. இந்த நூற்றாண்டில் நடந்தது. முன் அனுமதி இருந்ததால் நீதித்துறை தலையிட்டுத் தேர்தலை நடத்த வைத்தது. அந்த ஊர் தன் முதல் கறுப்பின மேயரையும், மூன்று கறுப்பின மன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தது. இப்படி 1982க்கும் 2006க்கும் இடையில் மட்டும் நீதித்துறையின் ஆட்சேபங்கள் 700க்கும் மேற்பட்ட மாற்றங்களைத் தடுத்தன.

சட்டம் யாரையும் நிரந்தரமாகக் கட்டிப்போடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகள் தூய்மையாக நடந்துகொண்டோம் என்று காட்டினால் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறலாம்; ஏறக்குறைய 200 அமைப்புகள் அப்படி வெளியேறின. காங்கிரசும் 1970, 1975, 1982, 2006 என நான்கு முறை இதைப் புதுப்பித்தது. 2006இல் 21 அமர்வுகளில் சாட்சியங்களைக் கேட்டு, 15,000 பக்கங்களுக்கு மேல் பதிவுகளைத் திரட்டி, பிரதிநிதிகள் அவையில் 390க்கு 33, செனட்டில் 98க்கு 0 என்ற வாக்குகளில் இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ்.

அலபாமாவின் ஷெல்பி கவுன்டி தொடுத்த வழக்கில் 2013 ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 1980களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சியின் நீதித்துறையில் இளம் வழக்கறிஞராக இருந்தபோதே, இதே சட்டத்தின் வேறொரு பிரிவை வலுப்படுத்துவதை எதிர்த்து உழைத்தவர் அவர். ஐந்தாம் பிரிவை நீதிமன்றம் நேரடியாகத் தொடவில்லை. யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் நான்காம் பிரிவின் கணக்கு மட்டும் செல்லாது என்றது. அந்தக் கணக்கு இல்லாமல் ஐந்தாம் பிரிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், விளைவு ஒன்றுதான்.

தீர்ப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது அவசியம், ஏனெனில் அதில் ஓரளவு நியாயம் உண்டு. மாநிலங்கள் எல்லாம் சம இறையாண்மை கொண்டவை. சிலவற்றை மட்டும் தனியே நடத்த வேண்டுமானால் இன்றைய நிலைமை அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். 1960கள், 70களின் புள்ளிவிவரங்கள் போதா என்றார் ராபர்ட்ஸ். நாடு மாறிவிட்டது என்றும் எழுதினார். முதல் பத்தாண்டில் அனுப்பப்பட்ட மாற்றங்களில் 14.2 விழுக்காட்டுக்கு ஆட்சேபம் எழுந்ததையும், 2006க்கு முந்தைய பத்தாண்டில் அது 0.16 விழுக்காடாகக் குறைந்ததையும் சுட்டினார். பழைய கணக்கைக் காங்கிரஸ் 2006இல் திருத்தி அமைத்திருந்தால் சட்டம் இன்னும் உறுதியாக நின்றிருக்கும் என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் காங்கிரசின் முடிவு இன்னும் சிறப்பாக இருந்திருக்கலாம் என்பது வேறு, அரசியலமைப்புக்கு முரணானது என்பது வேறு. சம இறையாண்மைக் கோட்பாடு, புதிய மாநிலங்கள் கூட்டாட்சியில் சேரும்போது விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று 1966 தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருந்தது. அதைத் தாண்டிப் போவதற்குப் பெரும்பான்மை நீதிபதிகள் வலுவான காரணம் எதையும் காட்டவில்லை. பதினைந்தாம் திருத்தமோ, எந்தச் சட்டம் தகுந்தது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைப் பெயர் சொல்லிக் காங்கிரசுக்குத் தந்திருக்கிறது. 15,000 பக்கச் சான்றுகளைப் பார்த்த அவையின் முடிவை ஐந்து நீதிபதிகள் தள்ளிவைத்தது, நீதிமன்றங்கள் காட்ட வேண்டிய அடக்கத்தைப் பற்றிப் பழமைவாத வழக்கறிஞர்கள் பல காலம் பேசிவந்ததற்கே எதிரானது. ஆட்சேபங்கள் குறைந்ததையும் தனியே பார்க்க முடியாது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் அனுப்பிப் பார்ப்பதில்லை. மேல்விவரம் கேட்டவுடனேயே திருத்தப்பட்ட அல்லது திரும்பப் பெறப்பட்ட மாற்றங்களே 1982க்குப் பின் 800க்கும் மேல். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தமது மாறுபட்ட தீர்ப்பில், நல்ல பலன் தந்துகொண்டிருக்கும் முன் அனுமதியைத் தூக்கி எறிவது, கொட்டும் மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசி எறிவது போன்றது என்று எழுதினார். வழக்குத் தொடுத்த ஷெல்பி கவுன்டியிலேயே உள்ள கலீரா நகரம், கறுப்பினப் பெரும்பான்மை கொண்ட தன் ஒரே வார்டை இல்லாமல் ஆக்கி, ஆட்சேபத்தையும் மீறி 2008இல் தேர்தல் நடத்தியதையும், அதில் அந்த வார்டின் கறுப்பின உறுப்பினர் தோற்றதையும், நீதித்துறை தலையிட்ட பிறகே வார்டு மீட்கப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

தீர்ப்பு வந்த அன்றே டெக்சஸ், முந்தைய ஆண்டு முன் அனுமதி மறுக்கப்பட்ட தன் புகைப்பட அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்தது. கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி வாக்களிக்கலாம், கல்லூரி மாணவர் அட்டை செல்லாது என்றது அந்தச் சட்டம். பதிவுபெற்ற வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் தேவையான அட்டை இல்லை என்று விசாரணை நீதிமன்றம் பின்னர் கண்டறிந்தது.

வட கரோலினாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். தீர்ப்பு வந்த சில வாரங்களில், மாநிலச் சட்டமன்றம் ஒரு பெரிய தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. முன்கூட்டியே வாக்களிக்கும் காலம் 17 நாள்களிலிருந்து 10 நாள்களாகக் குறைந்தது. வாக்களிக்கும் நாளிலேயே பதிவு செய்யும் வசதி நீங்கியது. வேறு பல வசதிகளும் போயின. எந்த இனத்தவர் எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற விவரங்களைச் சட்டமன்றம் கேட்டு வாங்கிய பிறகே இவை நடந்தன. கறுப்பினத்தவரை ஏறக்குறைய அறுவைச் சிகிச்சையின் துல்லியத்தோடு குறிவைத்த சட்டம் இது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி, அதைச் செல்லாததாக்கியது. தீர்ப்பின் தேதி 2016 ஜூலை 29. இடையில் 2014இன் தேர்தல், அதன் பெரும்பகுதி நடைமுறையில் இருக்கும்போதே, நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தேர்தலில் வென்ற செனட்டருக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம் கிடைத்தது. முன் அனுமதி இருந்திருந்தால், இந்த மாநிலத்தின் 40 கவுன்டிகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்ற ஒரே காரணத்தால், அங்கே அந்த விதிகள் முதலில் வாஷிங்டனைத் தாண்டியிருக்க வேண்டும்.

பெரிய மாநிலச் சட்டங்களை எதிர்க்கப் பெரிய அமைப்புகளும் தேர்ந்த வழக்கறிஞர்களும் முன்வருகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவை கில்மைக்கேல் போன்ற ஊர்கள். ஐந்தாம் பிரிவின் இன்னொரு பயன் அதிகம் பேசப்படாதது: ஒவ்வொரு மாற்றமும் ஓரிடத்தில் பதிவாகி, யாரும் பார்க்கும்படி அறிவிக்கப்பட்டது. இன்று ஒரு கவுன்டி தன் வாக்குச்சாவடிகளில் சிலவற்றை மூடினால், அதைப் பேருந்து வசதியற்ற வாக்காளர் அறிவது தேர்தல் நாளில் பூட்டிய கதவின் முன்னால்தான். பாகுபாடு நடந்த பின் வழக்குத் தொடர வகைசெய்யும் இரண்டாம் பிரிவு, மேலே சொன்ன பழைய வரிசைக்கே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு சிற்றூரின் மன்றத் தேர்தலுக்காகப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவிட யாரால் முடியும்?

வழி மூடப்படவில்லை. புதிய கணக்கு ஒன்றைக் காங்கிரஸ் வகுக்கலாம் என்று ராபர்ட்சே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். 2020இல் காலமான ஜான் லூயிசின் பெயரைத் தாங்கிய மசோதா அதைத்தான் செய்தது. கடந்த 25 ஆண்டுகளில் 15 வாக்குரிமை மீறல்கள் நடந்த மாநிலம், அல்லது மாநில அரசே செய்த ஒன்றாவது உட்பட 10 மீறல்கள் நடந்த மாநிலம், முன் அனுமதியின்கீழ் வரும் என்றது அது. ஆண்டுகள் நகர நகரக் கணக்கும் நகரும்; தெற்கு, வடக்கு என்ற பேச்சே இல்லை; திருந்திய மாநிலம் தானாக விடுபடும், புதிதாகத் தவறு செய்யும் மாநிலம் தானாக உள்ளே வரும். பழைய புள்ளிவிவரம் என்ற குறைக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் அவை 219க்கு 212 என்ற வாக்குகளில் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் விவாதத்தைத் தொடங்குவதற்கே 60 வாக்குகள் வேண்டும். அந்த நவம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் முன் அனுமதியை நீட்டித்த அதே செனட்டில், குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் அலாஸ்காவின் லிசா முர்கௌஸ்கி ஒருவர் மட்டுமே.